சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே

(தீபாவளிக்கு ஆறு வாரங்களுக்கு முன் லிட்டில் இந்தியாவை அடுத்த ஒரு சமூக மன்றத்தில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சிடப்படுகிறது.)

வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து மணி ஏழே முக்கால் ஆகிவிட்டது. உங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பு நினைப்பு வந்திருக்கும். அந்தப் பாதி யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் மூன்று கேள்விகள். பதில் தெரிந்தவர்கள் கை தூக்கினால் போதும்.

உங்கள் வீட்டில் இந்த நிமிடம் நல்லெண்ணெய் எவ்வளவு இருக்கிறது?

உங்கள் கடைசிப் பிள்ளைக்குப் போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இப்போது தோளில் பிடிக்குமா, பிடிக்காதா?

போன வருஷம் உங்கள் நாத்தனார் உங்கள் பிள்ளைகளுக்கு அங்பாவ் உறையில் எத்தனை வெள்ளி வைத்தார், பதிலுக்கு உங்கள் வீட்டிலிருந்து எத்தனை வெள்ளி போனது?

பார்த்தீர்களா? முதல் கேள்விக்கு ஆண்கள் பக்கம் ஒரு கை எழுந்தது. வாழ்த்துகள் ஐயா. இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதற்குப் பெண்கள் பக்கத்திலிருந்து கையோடு சிரிப்பும் வந்தது. நாத்தனார்கள் யாராவது இங்கேயே இருக்கிறார்களோ என்னவோ.

இந்த மூன்றும் வேலைகளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம். நல்லெண்ணெய் வாங்குவது வேலை. சட்டை எடுப்பது வேலை. எண்ணெய் தீரப் போகிறது என்று தெரிந்து வைத்திருப்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் கிடையாது. அறிஞர்கள் மனச்சுமை என்கிறார்கள். சரியான சொல்தான், ஆனால் நம் வீட்டுப் பெண்கள் யாரும் ‘எனக்கு மனச்சுமையாக இருக்கிறது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘அந்த நினைப்பாவே இருக்கு’ என்பார்கள். ‘தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு’ என்பார்கள். ஆகவே இன்றைக்கு மட்டும் இதை நினைப்பு வேலை என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே சிராங்கூன் சாலையில் வளைவு விளக்குகள் எரியத் தொடங்கும் அன்று ஊருக்குத் தீபாவளி வந்துவிடுகிறது. மயிலும் யானையும் தாமரையும் தலைக்கு மேல் மின்ன, நாம் கைப்பேசியில் படம் எடுக்கிறோம். அம்மாவுக்கு அது அதற்கும் முன்பே வந்துவிட்டது. தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கிறவரிடம் துணியைக் கொடுத்து, ‘தீபாவளிக்கு வேணும், கடைசி நேரத்துல இழுக்காதீங்க’ என்று சொன்ன அன்றே வந்துவிட்டது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் தையற்காரர் கைவிரித்து விடுவார். அதைத் தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர் இருப்பதால்தான் தீபாவளிக் காலையில் எல்லோர் உடம்பிலும் புதுத்துணி இருக்கிறது.

அப்புறம் நவராத்திரி. அதன் பிறகு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி. தீபாவளிக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது வருகிறது. வீட்டில் யாராவது பூ மிதிக்கிறார் என்றால் விரதம், தனிப் பாத்திரம், மஞ்சள் துணி. அவர் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போவார். அவர் திரும்பி வரும்போது என்ன சாப்பிடுவார் என்று யோசிப்பவர் வீட்டில் இருப்பார். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு வாரத்துக்குள் மாமிசம் ஆகாத நாள், மாமிசம் இல்லாமல் ஆகாத நாள் என்று ஒரு பஞ்சாங்கமே ஒரு தலைக்குள் ஓடுகிறது.

நடுவில் பரீட்சை. இது சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டில் தீபாவளி என்றால் பள்ளிப் பிள்ளைக்குக் கொண்டாட்டம். இங்கே ஆண்டிறுதித் தேர்வுகள் அக்டோபரில் வந்து நிற்கின்றன. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2023 முதல் எந்த நிலையிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை என்று கல்வி அமைச்சு எடுத்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் பெற்றோரின் பயம் முழுவதும் ஆண்டிறுதிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. சீனப் புத்தாண்டு வரும்போது பள்ளி அப்போதுதான் தொடங்கியிருக்கும், இரண்டு நாள் பொது விடுமுறை வேறு. கிறிஸ்துமஸ் நீண்ட விடுமுறைக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 1929இலிருந்து தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை இருந்து வருகிறது, ஒரே ஒரு நாள். முறுக்கு மாவு பிசைந்துகொண்டே பின்னக் கணக்கு கேட்கும் தாயை நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ முறை தொலைபேசியில் சந்தித்திருக்கிறேன். பின்னணியில் எண்ணெய் சுடும் சத்தம் கேட்கும். ‘டீச்சர், ஒரு நிமிஷம்’ என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் முறுக்கு திருப்பப்படும்.

இடையே ஒன்று. தமிழ்நாட்டில் அப்பாக்களுக்குத் தீபாவளியில் ஓர் இலாகா உண்டு. பட்டாசு. என்ன வாங்குவது, யாருக்கு எவ்வளவு, எங்கே காயவைப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1972இல் வெடிகளைத் தடைசெய்து சட்டம் வந்தது. நம் அப்பாக்களின் ஒரே இலாகாவும் போய்விட்டது. கம்பி மத்தாப்பு மட்டும் மிச்சம். அதையும் அம்மாதான் கடையில் ஞாபகமாக எடுத்துப் பையில் போடுகிறாள்.

ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில் தேக்காவில் ஆட்டிறைச்சிக்கு வரிசை நிற்கிறதே, அதில் நிற்பவர் அவர்தான். முப்பது வருஷமாக நிற்கிறார். கை வலிக்கப் பை தூக்கி வருவார். எதிர்வீட்டுச் சீனத்துப் பாட்டி வரைக்கும் ‘உன் கணவர் ரொம்ப நல்லவர்’ என்று சொல்லியிருக்கிறார். உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அந்த இறைச்சி வீட்டுக்கு வந்த கதையைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். தீபாவளிக் காலையில் தோசைக்குக் கறிக்குழம்பு வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே ஒருவருக்கு நினைவு வந்தது. எத்தனை பேர் வருவார்கள், அதில் யார் கார்த்திகை வரை விரதம், யாருக்குக் கொழுப்பு ஆகாது என்று அந்த ஒருவர் எண்ணிப் பார்த்தார். எந்தக் கடையில் எலும்பு கலக்காமல் வெட்டிக் கொடுப்பார்கள் என்று விசாரித்தார். பிறகு கணவரிடம், ‘ஏங்க, நாலு கிலோ போதுமா, அஞ்சு வாங்கலாமா?’ என்று கேட்டார். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘அஞ்சே வாங்கிடலாம்’ என்றார். அவர் வரிசையில் நிற்கும்போது, ‘தொடைக் கறி தனியா வாங்கிட்டீங்களா?’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போயிற்று.

2019இல் அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் நீண்ட நேரம் பேசி, இந்த நினைப்பு வேலையைப் பிரித்துப் பார்த்தார். தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவு செய்வது, முடிவு ஒழுங்காக நடந்ததா என்று கண்காணிப்பது. நான்கு படிகள். முடிவு செய்யும் இடத்தில் மட்டும் கணவர்கள் வந்து நன்றாகவே கலந்துகொள்கிறார்கள் என்று கண்டார். முதல் படியும் கடைசிப் படியும்தான் பெரும்பாலும் மனைவி தலையில். என் வீட்டு இறைச்சியை அவர் பார்த்ததில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ‘அஞ்சே வாங்கிடலாம்’ என்பது மூன்றாவது படி. அதிகாரம் இருக்கும் படி அதுதான் என்பதையும் கவனியுங்கள்.

இந்தியாவில் 2019இல் அரசு ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இந்த எண்களைக் கேட்டு நாம் உச்சுக்கொட்டுகிறோம். என் கவலை இந்த எண்களுக்குள் வராத நிமிடங்களைப் பற்றியது. வடகிழக்கு ரயிலில் புங்கோலிலிருந்து நின்றுகொண்டே வரும் ஒரு பெண் மனதுக்குள் பலகார டப்பாக்களை எண்ணிக்கொண்டு வருகிறாள். எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த நாற்பது நிமிடம் ‘பயணம்’ என்றுதான் பதிவாகும். கூட்டத்தில் மேலாளர் பேசும்போது அவளுக்கு அச்சு முறுக்குக்குத் தேங்காய்ப்பால் சொல்லவில்லையே என்று உறைக்கிறது. அது ‘அலுவலகம்’. இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்து, மாமனாருக்கு வேட்டி எடுக்கவில்லை என்று நினைவு வருகிறது. அது ‘உறக்கம்’.

சரி, இந்த நினைப்பில் என்னதான் இருக்கிறது? கொஞ்சம் நம் புளோக் தாழ்வாரத்தில் நடந்து பார்க்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை. அம்மா தட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறாள். பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். அவர்களுக்குப் புதுத் தட்டு, நம் சமையல் பாத்திரம் படாத தட்டு, அதில் நெய்யுருண்டையும் ஓமப்பொடியும், இறைச்சி வாசனை எதுவும் ஒட்டாமல். எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை நோய். அவருக்கு முறுக்கு மட்டும், அதிலும் கடிக்க முடியாது, ஆகவே தேன்குழல். மூலை வீட்டில் புதிதாக வந்திருக்கும் வட இந்தியக் குடும்பம் முட்டை சேர்க்காது, ஆகவே கேக் கிடையாது. மேல்மாடியில் ஒரு வீட்டில் இந்த வருஷம் துக்கம். அங்கே இனிப்பு கொண்டுபோகக் கூடாது, ஆனால் போகாமலும் இருக்கக் கூடாது. போன நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டாங் வந்த பாத்திரம் இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. அதை வெறுமனே திருப்பித் தர முடியாது. அலுவலகத்துக்கு ஒரு டப்பா, பிள்ளையின் வகுப்புக்கு ஒரு டப்பா, துணைப்பாட ஆசிரியைக்கு ஒன்று.

இன நல்லிணக்கம் என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அதில் பாதி இந்தத் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் பையன். ‘தேங்க்யூ பாய்’ என்று அவன் பாராட்டு வாங்குவான்.

மிக்கேலா டி லியோனார்டோ என்ற மானுடவியலாளர் 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். வட கலிபோர்னியாவின் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றியது. பண்டிகை வாழ்த்து அட்டை அனுப்புவது, விருந்துக்கு அழைப்பது, யார் யாரைப் பார்த்து வருவது, இவை எல்லாம் உழைப்புதான் என்று சொல்லி அதற்கு உறவு வேலை என்று பெயர் வைத்தார். அதில் ஓர் இடம் என்னை உலுக்கியது. தாய் இறந்துபோன வீட்டில், மணமுறிவு ஆன வீட்டில், அந்த வேலையை யாரும் எடுத்துச் செய்வதில்லை. உறவுகள் அப்படியே தேய்ந்துபோகின்றன. நாமும் பார்த்திருக்கிறோம். ‘அம்மா இருந்த வரைக்கும் எல்லாரும் வருவாங்க’ என்று சொல்லாத அண்ணன் தம்பிகள் உண்டா? வருவார்கள் என்றால் தானாகவா வந்தார்கள்?

அதனால்தான் இந்தச் சுமையைத் தூக்கி எறியுங்கள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்லும் கட்சியில் நான் இல்லை. ‘எல்லாத்தையும் விடுங்க, ரிலாக்ஸா இருங்க, ஸ்பாவுக்குப் போங்க’ என்று தீபாவளிச் சமயத்தில் விளம்பரங்கள் சொல்கின்றன. ஸ்பாவுக்குத் தேதி பதிவு செய்வதும் அவளுடைய பட்டியலில்தான் போய்ச் சேரும்.

2017இல் பிரான்சில் எம்மா என்ற ஓவியர் வரைந்த ஒரு சித்திரக் கதை உலகம் முழுக்கச் சுற்றியது. மனைவி சமையலிலும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதிலும் மூச்சுமுட்டுகிறாள், அடுப்பில் இருந்தது பொங்கித் தரையெல்லாம் வழிகிறது. கணவன் வந்து, என்னைக் கேட்டிருக்கலாமே என்கிறான். கதையின் தலைப்பே கிட்டத்தட்ட அதுதான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரருக்கும் நம் அண்ணாச்சிக்கும் ஒரே வசனமா? ‘ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!’ கெட்ட எண்ணமே இல்லாத வாக்கியம். செய்யத் தயாராக இருக்கும் மனிதன் சொல்லும் வாக்கியம். ஆனால் அதன்படி பார்த்தால் சொல்ல வேண்டிய வேலை யாருடையது? நினைத்து, நேரம் பார்த்து, முகம் பார்த்து, நச்சரிப்பதுபோல் தோன்றாமல் சொல்வது இருக்கிறதே, சில நாள் அதற்கு நாமே செய்துவிடலாம் என்று ஆகிவிடும்.

‘நான் உதவி செய்கிறேன்’ என்கிறோம். உதவி என்று சொன்ன உடனேயே வேலை யாருடையது என்று தீர்ப்பாகிவிட்டது.

இது பெண்களுக்கு இயற்கையாக வருவது, ஆண்களுக்கு அந்த ஞாபகம் கிடையாது என்று ஒரு வாதம் உண்டு. நம் சிங்கப்பூர்த் தமிழர் சரித்திரத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். இந்த ஊருக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. எழுபதுகளின் இறுதியில் நகரச் சீரமைப்பில் அந்த வரிசை போகும் வரை, ஒரே கூடத்தில் பல பெட்டகங்கள், பல தொழில்கள். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆண்களே. சமைத்தவர்களும் ஆண்கள். பெண்கள் செட்டிநாட்டில். டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணி கோயில் கட்டியவர்கள் இவர்கள்தான். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டவர்களும் இவர்கள்தான். அரிசி எத்தனை மூட்டை, பால் காவடிக்கு யார் யார், வெள்ளி ரதத்துக்கு என்ன ஏற்பாடு என்று அவர்களுக்கு நினைவூட்ட எந்த ஆச்சி கூடவே இருந்தார்?

அவர்களிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒரு காசு வந்தாலும் போனாலும் பேரேட்டில் ஏறும். இரண்டு, ஒப்படைத்தார்கள். மேலாளுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்தால் கணக்கு முழுவதையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு, ‘இன்னாரிடம் வட்டி வாங்கினாயா?’ என்று புது மேலாளை அவர் துளைத்துக்கொண்டிருக்க முடியாது. பொறுப்பு கை மாறிவிட்டது.

நம் வீட்டுத் தீபாவளி எந்தப் பேரேட்டிலும் இல்லை. எழுதப்படாததால் எவருக்கும் தெரிவதில்லை. தெரியாததால் ஒப்படைக்க முடிவதில்லை. 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்கப்படாத காரியம் ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமாக வகுத்துவிட்டாலே குடைச்சல் குறைகிறது என்று கண்டார்கள். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளைகளுக்கு ஆய்வு இல்லாமலேயே இது தெரிந்திருக்கிறது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் சாதாரணமானது. இந்த வாரம் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தலைக்குள் இருப்பதை ஒரு நோட்டில் இறக்குங்கள். அம்மா சொல்லட்டும், மற்றவர் எழுதட்டும். கணவர் எழுதினால் நல்லது. என் வீட்டில் எழுதிப் பார்த்தோம், நாலரைப் பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இதெல்லாம் எப்பம்மா செஞ்ச?’ என்று கேட்டார்.

பிறகு முழுசாக ஒப்படையுங்கள். பணியை மட்டும் கொடுத்து நினைப்பை வைத்துக்கொண்டால் பயனில்லை. தீபாவளிக் கறி என்றால், நினைவு வருவதிலிருந்து பாத்திரத்தில் விழுவது வரை ஒருவர் கணக்கு. அங்பாவ் பொறுப்பு மூத்த மகனுக்கு என்றால், உறை வாங்குவது, வங்கியில் நோட்டு மாற்றுவது, யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல், எல்லாம் அவன் கணக்கு. அவன் அத்தைக்குக் குறைத்து வைத்துவிட்டால் அத்தை அவனிடம் பேசட்டும்.

இங்கேதான் நம் பெண்களிடமும் சில வார்த்தை சொல்ல வேண்டும். நாம் விடுவதில்லை. நானே சாட்சி. பல வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர், ‘இந்த வருஷம் பலகாரம் என் பொறுப்பு’ என்றார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் நாலு வகை சொல்லி, பணம் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் ஒரு முறுக்கை உடைத்துப் பார்த்து, ‘பழைய எண்ணெய்’ என்றேன். இரண்டே சொல்தான். அன்று இரவு பதினோரு மணிக்கு நானே மாவு பிசைய உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பலகாரப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு முறுக்கு ஜெயித்தது, இலாகா தோற்றது. உண்மையைச் சொன்னால் அந்த முறுக்கு அவ்வளவு மோசமில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? வருகிறவர்கள் முறுக்கைக் கடித்துவிட்டு அவரையா பார்ப்பார்கள்? ‘கடையில வாங்குனதா?’ என்ற கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். கேட்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். தவறினால் யார் பெயர் கெடும் என்பது மாறாமல் பொறுப்பு மட்டும் மாறாது. மாமியார்கள், அத்தைமார்கள், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியைகள், எல்லோரும் இந்த வருஷம் அந்தக் கேள்வியை விழுங்கிக்கொள்ளலாம். காப்பி நன்றாயிருந்தால் காப்பியைப் பாராட்டுங்கள்.

பட்டியலிலிருந்து சிலதை அடித்துவிடவும் வேண்டும். இதைச் சொன்னால் பாரம்பரியம் போய்விடும் என்கிறார்கள். கொரியாவைப் பாருங்கள். சுசோக் என்ற அறுவடைத் திருநாளுக்கு முன்னோருக்குப் படையல் வைக்க அங்கே மருமகள்கள் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிமுன் உட்கார்ந்து அடை வகைகளைச் சுட்டெடுக்க வேண்டும். பண்டிகை நோய் என்று அந்த அவதிக்குத் தனிப்பெயரே அந்த மொழியில் உண்டு. 2022 செப்டம்பரில், கன்பூசியச் சடங்குகளைக் காத்துவரும் சியோலின் சுங்யுன்குவான் என்ற பழைய நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எண்ணெயில் சுட்ட பண்டம் படையலுக்குக் கட்டாயமில்லை, ஒன்பது வகைக்கு மேல் வேண்டியதில்லை என்றது. சமையலறையில் அவதிப்பட்டவள் சொன்னால் சோம்பேறித்தனம், சடங்கு தெரிந்த பெரியவர் சொன்னால் சீர்திருத்தம். போகட்டும், யாராவது சொன்னார்களே.

நமக்கு அப்படி அறிவிக்க ஒரு பீடம் இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் உண்டு, விளக்கு உண்டு, புதுத்துணி உண்டு. ஒன்பது வகைப் பலகாரம் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. அதை விதித்தது எதிர்வீட்டு அலமாரி. உங்கள் வீட்டில் பீடம் என்றால் பாட்டிதான். பாட்டி ஒருமுறை வாய்விட்டு, ‘ரெண்டு வகை போதும்டி’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னால், அது சியோல் அறிவிப்புக்குச் சமம்.

பணிப்பெண் இருக்கும் வீடுகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஏறக்குறைய ஐந்து குடும்பங்களில் ஒன்றில் இருக்கிறார்கள். கை வேலை குறைகிறது, சரி. ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை நினைத்து வைப்பது மறுபடி அம்மாதான். அந்தப் பெண்ணும் பல நேரம் ஒரு தாய். சிவகங்கையிலோ ஜாவாவிலோ தன் பிள்ளையின் பண்டிகைச் சட்டையின் அளவை நினைத்துக்கொண்டேதான் நம் வீட்டுப் பலகாரத்தைச் சுடுகிறார். மாதத்தில் ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு நாள் தர வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. தீபாவளி மாதத்தில் அந்த நாள் எது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறது. தந்தையருக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயம். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரலிலிருந்து பத்து வாரம். குழந்தை பிறந்த வீட்டில் இது பெரிய விஷயம். ஆனால் தேன்குழல் யாருக்கு, ஓமப்பொடி யாருக்கு என்பதற்கு எந்த அமைச்சும் விடுப்பு தர முடியாது. அது நம் வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

நேரம் ஆகிவிட்டது, அமைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். என் வீட்டு நிலவரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அந்த நாலரைப் பக்க நோட்டில் ஆட்டிறைச்சி என்ற வரிக்கு நேராக என் வீட்டுக்காரர் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். நினைப்பிலிருந்து குழம்பு வரைக்கும் அவர் கணக்கு. போன வாரம் என்னையறியாமல், ‘ஏங்க, கறிக்குச் சொல்லிட்டீங்களா?’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி அன்று காலை எங்கள் வீட்டுக்கு வருவதாக இங்கே நாலைந்து பேர் சொல்லியிருக்கிறீர்கள். அவசியம் வாருங்கள். தோசைக்கு என்ன குழம்பு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு நிஜமாகவே தெரியாது.